கணக்கு 100, கேஜ் 85: அழுத்தக் கலனில் நான் செய்த தவறு

உள் ஆரம் 150 மி.மீ., சுவர்த் தடிமன் 3 மி.மீ. கொண்ட எஃகு உருளைக் கலன். உள்ளே 2 மெகாபாஸ்கல் அழுத்தம். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் சுற்றுவாட்டில் சுவரின் தகைவு (ஓரலகுப் பரப்பில் உள்ள உள்விசை), அதாவது சுற்றுத் தகைவு, 100 மெகாபாஸ்கல், நீளவாட்டில் அதில் பாதி, 50. ஆனால் சுவர் எவ்வளவு நீள்கிறது என்று அளக்க அதில் ஒட்டியிருந்த ஸ்ட்ரெயின் கேஜ் சுற்றுவாட்டில் சுமார் 425 மைக்ரோஸ்ட்ரெயினும் (நீளத்தில் பத்து லட்சத்தில் 425 பங்கு நீட்சி) நீளவாட்டில் வெறும் 100-ம் காட்டியது. எஃகின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் 200 கிகாபாஸ்கலால் பெருக்கினால் 85, 20 மெகாபாஸ்கல்தான்.

பசைதான் சரியில்லை என்று கேஜை உரித்து, பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டினேன். அதே எண்கள்.

அப்புறம்தான் உறைத்தது. திரிபை, அதாவது கேஜ் காட்டும் நீட்சி விகிதத்தை, நேராக யங் குணகத்தால் பெருக்குவது ஒரே திசையில் இழுபடும் கம்பிக்குத்தான் சரி. கலனின் சுவர் இரண்டு திசையிலும் இழுபடுகிறது. ஒரு திசை இழுவை மற்றதைச் சுருக்கும். எவ்வளவு சுருக்கும் என்று சொல்லும் பாய்சான் விகிதம் எஃகுக்கு 0.3. அதனால் சுற்றுத் தகைவுக்கு 425-உடன் 100-இன் 0.3 பங்கைச் சேர்த்தேன்: 455. அதை யங் குணகத்தால் பெருக்கி 0.91-ஆல் (1-இலிருந்து 0.3-இன் வர்க்கத்தைக் கழித்தது) வகுத்தால் சரியாக 100! நீளவாட்டிலும் அப்படியே 50 வந்தது.

தகைவு இரண்டுக்கு ஒன்று என்றாலும் திரிபு நாலேகாலுக்கு ஒன்று. இப்போதெல்லாம் கேஜ் வேலை செய்கிறதா என்று முதலில் இந்த விகிதத்தைத்தான் பார்க்கிறேன். மூடியும் உருளையும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் இது பொருந்தாது, அங்கே வளைவுத் தகைவும் கலந்துவிடும்.