600 கி.மீ. பிரெவே முடியும்வரை சைக்கிள் கம்ப்யூட்டர் அணையாமலிருக்க

பிரெவே என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம். 600 கி.மீ.க்கு 40 மணி நேரம். வேகம், தூரம், வழி காட்டும் என் சைக்கிள் கம்ப்யூட்டரோ 11 மணி நேரத்தில் அணைந்தது. முதல் குற்றவாளி, எப்போதும் எரிந்துகொண்டிருந்த திரை விளக்கு. என்னுடையது வெயிலிலேயே தெளிவாகத் தெரியும் வகைத் திரை. பகலில் விளக்கு தேவையே இல்லை. இரவில் 10%, 15 நொடியில் அணையும்படி வைத்தேன். வரைபடத்துக்குப் பதில் எண்கள் பக்கம். திருப்பம் வந்தால் கருவி தானே காட்டும். போன் இணைப்பைத் துண்டித்தேன். ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளைப் பிடித்து அதிக மின்சாரம் தின்னும் மல்டி-பேண்ட் ஜிபிஎஸ்ஸை விட்டுச் சாதாரண ஜிபிஎஸ்ஸுக்கு மாறினேன். திறந்த நெடுஞ்சாலைக்கு அது தாராளம்.

பவர் பேங்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கருவியில் சார்ஜ் ஏற ஏற அது இழுக்கும் மின்னோட்டம் குறையும். உடனே பவர் பேங்க், ‘எதுவும் இணைக்கப்படவில்லை’ என்று எண்ணித் தானே அணைந்துவிடும். பிறகு பொத்தானை அழுத்தாமல் எழாது. அதனால் கேபிளை நிரந்தரமாகச் செருகி வைக்காதீர்கள். 30 சதவீதத்துக்கு இறங்கியதும் செருகி, 90-இல் பிடுங்குங்கள். 1200 எம்ஏஎச் பேட்டரியை 5000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 3 முறை நிரப்பும்.

சார்ஜ் ஏற்றுவதை இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. உச்சி வெயிலில் கருவியின் பேட்டரி 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சார்ஜ் ஏறாமல் நிற்கலாம். மழையில் செருகவே கூடாது: கேபிள் இருந்தால் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி மூடாது, முனை துருப்பிடிக்கும்.