கால் வீங்கினால் உடனே நீர் மாத்திரையா?

முதியோர் இல்லங்களுக்கு வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க வரும் இளம் டாக்டர்கள், 15 வருடம் முன்பு நான் அடித்த அதே கூத்தை அச்சுப் பிசகாமல் அடிக்கிறார்கள். கை கழுவுவது, பெயர் பார்த்து மருந்து கொடுப்பது பற்றியெல்லாம் சொல்ல நான் வேண்டாம்.

மாத்திரைக்கு மாத்திரை

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான், முதலில் என்மேல். 82 வயது டீச்சரம்மா. பி.பி.க்கு அம்லோடிபினை 5லிருந்து 10 மில்லிகிராமாக ஏற்றினேன். சில வாரத்தில் இரண்டு காலும் வீங்கின. மூச்சு வாங்கவில்லை. அம்லோடிபினால் காலில் நீர் கோக்கும் என்று பரீட்சைக்கே படித்திருந்தும், கை தானாக நீர் மாத்திரை எழுதியது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து கசிவதால் வரும் வீக்கம் அது. நீர் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. வீக்கம் அப்படியே இருக்க, சிறுநீர்தான் கூடியது. போதாததற்கு, சீட்டில் 'காலை' என்று எழுதவும் விட்டுவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. "நான்தான் தம்பி பார்த்து நடந்திருக்கணும்" என்று என்னையே சமாதானப்படுத்தினார்.

போன மாதம் வேறோர் இல்லத்தில் ஒரு ஃபைல். அதே வீக்கம், அதே நீர் மாத்திரை. அடிக்கடி சிறுநீர் போகிறார் என்று அதற்கொன்று. அது கிளப்பிய குழப்பத்தில் இரவில் சத்தம் போடுகிறார் என்று தூக்க மாத்திரை. அந்த வீக்கம் ஏன் வந்தது என்று பார்க்க யாரும் முதல் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

புதுத் தொந்தரவு என்றால், கடைசியாகச் சேர்ந்த மாத்திரையை முதலில் சந்தேகப்படுங்கள். குறைக்கலாமா, மாற்றலாமா என்று பாருங்கள். (நர்ஸம்மாக்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் சலித்துக்கொண்டாலும் போன் போடுங்கள்.) முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளின் பட்டியலை அமெரிக்காவில் டாக்டர் மார்க் பியர்ஸ் 1991இல் தொகுத்ததே இல்லவாசிகளுக்காகத்தான். அது தனி மருந்தைக் காட்டிக்கொடுக்கும். இந்தச் சங்கிலி பிடிபட, ஃபைலைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும்.

சளிக்கு சி.பி.எம்.

சி.பி.எம். என்பது குளோர்பெனிரமைன், பழைய அலர்ஜி மாத்திரை. பியர்ஸ் பட்டியலின் இன்றைய பதிப்பில் இதன் வகையும் உண்டு. குழப்பம் வரும், சிறுநீர் அடைக்கும்.

திடீர்க் குழப்பம்

நேற்றுவரை பேப்பர் படித்தவர் இன்று மகளையே யாரென்று கேட்டால், 'வயசாயிடுச்சு' என்று நகராதீர்கள். தொற்று, மலச்சிக்கல், சோடியம் குறைவு, புது மாத்திரை எல்லாவற்றையும் பாருங்கள். காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கும்.

டயப்பர்

மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

சர்க்கரை மாத்திரை

தட்டு காலியானதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய கிளிபென்கிளமைடு என்றால், கொடுக்கத்தான் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு.