‘கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுவீங்க?’: காது கேளாத டெக்னீஷியன் கவுண்டர் வேலை கேட்கும்போது

மொபைல், லேப்டாப் சர்வீஸ் சென்டர்களில் காது கேளாத டெக்னீஷியனுக்கு உள்ளே ஒரு மேஜை எப்படியோ கிடைத்துவிடும். கவுண்டர் கிடைப்பதுதான் கஷ்டம். ஐசி (போர்டில் உள்ள சிப்) மாற்றத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்பே, ‘கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுவீங்க?’ என்று கேட்டு நேர்காணலை முடித்துவிடுவார்கள். ‘சமாளிப்பேன் சார்’ என்ற பதில் இங்கே எடுபடாது. கவுண்டரில் நடக்கும் பேச்சைத் துண்டு துண்டாகப் பிரித்து, மேஜையிலேயே நடத்திக் காட்ட வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும்.

அழைப்பு வருவதற்கு முன்

பயோடேட்டாவில் போன் நம்பருக்குப் பக்கத்திலேயே ‘வாட்ஸ்அப், எஸ்எம்எஸ் மட்டும்’ என்று போடுங்கள். போடாவிட்டால் ஹெச்.ஆர். இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்து, ‘எடுக்கவில்லை’ என்று பெயரை அடித்துவிடுவார். ஊனத்தின் சதவீதத்தையும் யுடிஐடி எண்ணையும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண்) அந்தக் கட்டத்தில் எழுதத் தேவையில்லை. நேர்காணல் தேதி வந்த அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்:

‘எனக்குக் காது கேட்காது. நேர்காணலுக்கு இந்தியச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இயலாவிட்டால் கேள்விகளைக் கணினியில் தட்டச்சு செய்து நடத்தலாம். 20 நிமிடச் செய்முறைத் தேர்வும் தாருங்கள்.’

‘ஆளை நீங்களே கூட்டிட்டு வாங்க’ என்று பதில் வரலாம். இப்படிப்பட்ட வசதிக்கு ஆகும் செலவை, முழுதாகவோ பகுதியாகவோ, மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகளில் 3ஆம் விதி சொல்கிறது. அதை ஒரே வரியில் எழுதிப் பதில் அனுப்புங்கள், சண்டை தொனி வேண்டாம். அம்மாவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். கேள்வி அண்ணனிடம் போகும், பதிலும் அண்ணனே சொல்வார்; நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள்.

‘உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவேன்’ என்று வாக்குக் கொடுப்பதும் ஆபத்து. பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலத் தெரியும். ‘பாடு’ எது, ‘மாடு’ எது என்று யாராலும் பிரிக்க முடியாது. முதல் தப்பு நடந்ததுமே, ‘நாங்கதான் அப்பவே சொன்னோமே’ என்பார்கள்.

கவுண்டரை மேஜைக்குக் கொண்டுவருவது

ஒரு போனை ரிப்பேருக்கு வாங்கும்போது கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான்: என்ன கோளாறு, எப்போதிலிருந்து, தண்ணீர் பட்டதா, கீழே விழுந்ததா, முன்பு வேறு கடையில் திறந்தார்களா, டேட்டா பேக்கப் இருக்கிறதா, லாக் என்ன, எவ்வளவு வரை செலவு செய்யலாம். இவற்றை ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு லேமினேட் செய்யுங்கள். மறுபக்கம் படங்கள்: உடைந்த டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்ட், நீர்த்துளி. எழுதப் படிக்கத் தெரியாதவர் படத்தைத் தொட்டுக் காட்டுவார். கூடவே ஒரு எல்சிடி எழுத்துப் பலகை வையுங்கள். குழந்தைகள் விளையாட்டுப் பொருள் கடையில் விற்கும் சின்னப் பலகையே போதும்.

நேர்காணல் எடுப்பவரையே கஸ்டமராக நடிக்கச் சொல்லி, அவர் போனை வாங்கி ஜாப் ஷீட் முழுவதும் நிரப்பிக் காட்டுங்கள். ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), கீறல்கள், உத்தேசத் தொகை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். ‘எரநூறுன்னுதானே சொன்னீங்க’ என்ற தகராறு எழுதிக் கொடுத்த இடத்தில் எழாது என்பதையும் காட்டிவிடலாம்.

பேச்சை எழுத்தாக்க கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழிலும் ஓடும். ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ‘டச் ஒர்க் ஆகல, டிஸ்ப்ளே ஃப்ளிக்கர் அடிக்குது’ மாதிரிக் கலப்புத் தமிழில் அது தடுமாறும்; மாடல் பெயரும் எண்களும்தான் அதிகம் தப்பாகும். கவுண்டர் இரைச்சலில் உங்கள் பக்கம் வைத்த போன் பக்கத்து ஆள் பேச்சையும் சேர்த்து எழுதும். மைக் கஸ்டமரைப் பார்த்து, ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். எண் எதுவானாலும் பலகையில் எழுதி வாங்குங்கள்.

அடுத்த கேள்வி நியாயமானது: ‘ஸ்பீக்கர், மைக் எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?’ இதற்குத் தயாராகப் போகாதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சாம்சங் போன்கள் பலவற்றில் *#0*# அடித்தால் வரும் சோதனைப் பக்கத்தில் ‘ஸ்பீக்கர்’, ‘ரிசீவர்’ (காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர்) பொத்தான்கள் உண்டு. அவற்றை அழுத்தி, டெசிபல் மீட்டர் செயலி ஓடும் இன்னொரு போனை 5 செ.மீ. தள்ளி வையுங்கள். நன்றாக இருக்கும் அதே மாடலில் முன்பே எடுத்த அளவோடு ஒப்பிட்டால் ஒலி குறைந்திருப்பது தெரிந்துவிடும். மைக்குக்கு வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து மேஜையைத் தட்டுங்கள். திரையில் அலைக்கோடு எழ வேண்டும். கரகரப்பை மட்டும் டெசிபல் மீட்டர் காட்டாது. அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: டெலிவரிக்கு முன் கூட வேலை செய்பவர் பத்து விநாடி கேட்டுப் பார்த்தால் போதும். சட்டம் சொல்லும் ‘நியாயமான வசதி ஏற்பாடு’ என்பது இப்படிப்பட்ட சின்ன விஷயம்தான்.

மறுத்துவிட்டால்

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்திகள், நேர்காணல் தேதி, பேசியவர்களின் பதவி எல்லாவற்றையும் அன்றே சேமியுங்கள். வாயால் சொன்ன காரணத்தை அன்று மாலையே மின்னஞ்சலில் பதியுங்கள்: ‘காது கேட்காததால் கவுண்டர் பணிக்கு எடுக்க முடியாது என்று கூறியதாகப் புரிந்துகொண்டேன். தவறெனில் எழுத்தில் திருத்தவும்.’ பதில் வராவிட்டாலும் அந்த அஞ்சல் ஆதாரம்தான்.

அடுத்து நிறுவனத் தலைவருக்குப் புகார். பலர் இங்கே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவைச் சுட்டுகிறார்கள். அது அரசு நிறுவனங்களுக்கானது. தனியாருக்கு, பாகுபாட்டைத் தடுக்கும் 3(3)ஆம் பிரிவையும் விதி 3ஐயும் எழுதுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், விதிப்படி அவர் நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது அந்த மறுப்பு நியாயமான நோக்கத்துக்குப் பொருத்தமான வழி எப்படி என்று எழுத்தில் விளக்க வேண்டும். 21ஆம் பிரிவின்படி வைத்திருக்க வேண்டிய சம வாய்ப்புக் கொள்கையின் நகலையும் அதே கடிதத்தில் கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தின் கொள்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த பணிகளின் பட்டியலும் தொடர்பு அலுவலர் நியமனமும் இருக்க வேண்டும். ஃபிரான்சைஸ் கடையில் ஏமாறாதீர்கள்: பலகையில் பெரிய பிராண்ட் பெயர் இருக்கும், சம்பளம் தருபவர் வேறு ஆளாக இருப்பார். புகார் அவருக்குத்தான்.

அங்கே நகரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது விதி. ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. வேலை ஆணையைக் கையில் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வழக்கு வரை போவதானால், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.

ஆணையருக்கு எழுதும் மனுவின் கடைசி வரியில், விசாரணை நாளுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அன்று போய் நின்று கேட்டால் வாய்தாதான் கிடைக்கும்.