மதுரைப் பக்கத்து ஐப்பசி மழைய கிளைமேட் மாடல்ல பாக்குறது எப்படி

செப்டம்பர் வந்தாலே அடுத்த மூணு மாச மழை எப்படி இருக்கும்னு காட்டுற கலர் மேப் வாட்ஸப்ல சுத்த ஆரம்பிச்சுரும், மதுரை மேல பச்சையா இருந்தா போதும், இந்த வருஷம் வைகைல வெள்ளம்னு யாராவது கிளப்பி விட்டுருவாங்க. ஃபார்வர்ட நம்பாம நேரா ஐரோப்பிய யூனியனோட காலநிலை சேவையான கோப்பர்னிக்கஸ் சைட்டுக்குப் போங்க, காசு கிடையாது, மாசாமாசம் புது மேப் போடுறாங்க. ஆகஸ்ட்லயும் செப்டம்பர்லயும் போட்ட மேப் ரெண்டும் அதிகம்னோ குறைவுன்னோ ஒரே பக்கம் சாஞ்சா கொஞ்சம் நம்பலாம், மாறி மாறி அடிச்சா விட்ருங்க.

அதுல இருக்கிற பர்சன்டேஜ் மழையோட அளவு இல்லைங்க, வாய்ப்பு. ஐரோப்பாக்காரங்க மாடல, அதாவது வானிலையக் கணக்குப் போடுற கம்ப்யூட்டர் புரோகிராம, ஆரம்ப நிலைய லேசு லேசா மாத்தி 51 தடவ ஓட்டுறாங்க, அதுல எத்தனை ஓட்டம் வழக்கத்துக்கு மேல மழை காட்டுதோ அதுதான் அந்த நம்பர். எதுவுமே தெரியாட்டியும் அதிகம், நடுத்தரம், குறைவு மூணுக்கும் ஆளுக்கு 33% இருக்கும், அதனால 40%ங்கிறது சும்மா ஒரு சாய்வு, 60 தாண்டுனா பேசலாம்.

இப்ப உங்க ஊரு கணக்கு. தாலுகா மழைமானிக் கணக்குல 30 வருஷத்து அக்டோபர்-டிசம்பர் மொத்தத்த வாங்கி சிறுசுலருந்து பெருசா அடுக்குங்க, கீழ 10 குறைவு, மேல 10 அதிகம். மேப்ல அதிகம்னு போட்டா உங்க ஊருக்கு அது எம்புட்டுன்னு இதுலதான் தெரியும். இத செய்யாம மேப்ப பாக்குறது வேஸ்ட், ஏன்னா மேப்ல ஒரு கட்டமே 100 கிலோமீட்டருக்கு மேல, மேலூரும் உசிலம்பட்டியும் கிட்டத்தட்ட ஒண்ணா அடங்கிரும், ஆனா ரெண்டு ஊர்லயும் மழை ஒண்ணாவா பெய்யுது?

அடுத்து கடல். பசிபிக் கடல் நடுவுல நிலநடுக்கோட்ட ஒட்டி இருக்கிற நினோ 3.4ங்கிற பகுதி வழக்கத்த விட 0.5 டிகிரி சூடாகி அப்படியே நீடிச்சா எல் நினோ. டிவில எல் நினோன்னாலே வறட்சின்னு கத்துவாங்க, அது தென்மேற்குப் பருவத்துக்குப் பொருந்தும், நம்ம வடகிழக்குக்கு அது பெரும்பாலும் சாதகம்தான். இந்தியப் பெருங்கடல்ல மேற்குப் பக்கம் சூடா இருந்தா, அதாவது பாசிட்டிவ் டைபோல், அதுவும் நல்லது. 2015 எல் நினோ, சென்னை முங்குச்சு. 2016ல ரெண்டும் எதிரா திரும்பி தமிழ்நாட்டு வடகிழக்கு மழை 62% குறைஞ்சது. ஆனா 2021 லா நினா வருஷம், அப்பவும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு, அதனால இத மட்டும் வச்சு முடிவெடுத்துறாதீங்க.

மதுரைக்காரங்க முக்கியமா கவனிக்க வேண்டியது என்னன்னா, பெரியாறு பாசனத்துக்குத் தண்ணி வர்றது கேரள மலைல பெய்யுற தென்மேற்கு மழைலருந்து. மேலூர்ப் பக்கம் கால்வாய்ல நெல் போடுறவங்க இடுக்கிக்கு ஜூன்-செப்டம்பர் மேப் பாக்கணும், பேரையூர், திருமங்கலம் மானாவாரிக்காரங்க அக்டோபர்-டிசம்பர் மேப் பாக்கணும். எல் நினோ வருஷத்துல பெரியாறு அணை காஞ்சு கெடக்கும், கரிசக்காடு நனைஞ்சிரும், இப்படியும் ஆகலாம். ஒரே மாவட்டம்தான், ரெண்டு ஜோசியம்!

மாடல் பழைய வருஷங்கள்ல எம்புட்டு சரியா சொல்லுச்சுங்கிற ஸ்கோர் மேப்பும் அதே சைட்ல இருக்கு, நம்ம பக்கம் மார்க் கம்மியா இருந்தா கலர் எம்புட்டு அடர்த்தியா இருந்தாலும் மயங்காதீங்க.

தேதி மட்டும் இதுல கேக்காதீங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. பெஞ்சுச்சே, அந்த மாதிரி ஒத்த நாள் மழைய எந்த சீசன் மேப்பும் முன்கூட்டிச் சொல்லாது. என்ன பயிரு, எம்புட்டு விதை வாங்கலாம்ங்கிறதுக்கு சீசன் மேப், என்னைக்கு விதைக்கிறதுங்கிறதுக்கு இந்திய வானிலைத் துறை (ஐஎம்டி) வியாழக்கிழமை தோறும் விடுற நாலு வார அறிக்கை.