ஜெல் வைத்தும் கரப்பான் போகவில்லையா?

நுவரெலியாக் குளிரில் கரப்பான் எப்படிப் பிழைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். பிரிட்ஜ் மோட்டாருக்குப் பக்கத்தில், ரைஸ் குக்கருக்கு அடியில், அடுப்புக்குப் பின்சுவரில் கையை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடு அதற்குப் போதும்.

ஜெல்லின் வேலை கரப்பானை வரவழைப்பது. அதற்குப் பிடித்த தீனியில், மெதுவாகக் கொல்லும் மருந்து கலந்திருக்கும். தின்ற கரப்பான் பதுங்குமிடத்துக்குத் திரும்பிச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். இது புரியாமல் நான் செய்த தவறு: காலையில் ஜெல் வைத்தேன், இரவில் ஒன்று ஓடியதைப் பார்த்ததும் அதே இடத்தில் ஸ்ப்ரே அடித்தேன். ஸ்ப்ரே பட்ட இடத்தை அவை ஒதுக்கிவிடும். வைத்த ஜெல் அப்படியே காய்ந்து கிடந்தது. லயத்தில் இது இன்னும் மோசம். ஒரு காம்பராவில் அடித்தால் கூரை வழியாக அடுத்த காம்பராவுக்குப் போய்விடும். அதனால் பக்கத்து வீட்டாரோடு பேசி, எல்லாரும் ஒரே நாளில் ஜெல் வையுங்கள்.

அப்புறம், ஒரே இடத்தில் பெரிதாகப் பிதுக்காதீர்கள். இரவு விளக்கை அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து டோர்ச் அடித்துப் பாருங்கள். அலுமாரிக் கீல் ஓரத்தில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அது அவற்றின் எச்சம். அந்த வாசனைதான் மற்றக் கரப்பான்களையும் அங்கே கூட்டுகிறது. அதன் பக்கத்திலேயே பருப்பு அளவில் பல பொட்டுகள் வையுங்கள். பாண் துகள், சிந்திய சீனி, சொட்டும் பைப் இருந்தால் ஜெல்லைத் தேடி வராது.

சில நாளாகியும் தொடவில்லையா? வேறு வகை ஜெல் வாங்குங்கள். குளுக்கோஸ் இனிப்பையே வெறுக்கும் கரப்பான்கள் இருப்பதை 1993இலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஒட்டுப்பொறியை மட்டும் நம்பவும் வேண்டாம். ஜெர்மன் கரப்பான் என்ற சின்ன இனத்தில், பெண் ஆணை அழைக்கும் வாசனைப் பொருளை 2005இல் கண்டுபிடித்தார்கள். அந்த வாசனையைப் பொறியில் வைத்தாலும் ஆண்தான் வரும். முட்டை சுமக்கும் பெண் சுவருக்குள்ளேயே இருக்கும். எங்கே அதிகம் நடமாடுகிறது என்று அறியப் பொறி நல்லது.

எனக்கு மிகவும் பயம் தருவது வேறொன்று. மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைச் சீனியில் குழைத்துச் சோசரில் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தவழும் பிள்ளைக்கு அந்தச் சோசர் எட்டும். போரிக் பவுடரும் மாவும் சீனியும் சேர்த்து உருட்டும் உருண்டையும் அப்படித்தான், பிள்ளைக்கு அது இனிப்பு. பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துப் பக்கெட்டோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முதல் வாரம் செத்தவற்றைக் கூட்டி அள்ளியதும் ஜெல்லை மறந்துவிடாதீர்கள். அந்தச் சின்ன இனக் கரப்பானின் ஒரு முட்டைப் பையில் 30, 40 குஞ்சுகள் இருக்கும். பொரியும் வரை தாய் அதைச் சுமக்கும். மூன்றாவது வாரம் பழைய பொட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள்.