பெட் ஸ்கேன்ல தெரியலன்னா அங்க நோயே இல்லன்னு கோட்ட சுருக்கிடாதீங்க
உணவுக்குழாய் கேன்சருக்கு ரேடியேஷன் பிளான் பண்றப்போ பெட் சிடி (குளுக்கோஸ அதிகமா இழுக்குற இடத்த பளிச்சுனு காட்டுற ஸ்கேன்) ரொம்ப உதவும், ஆனா படத்துல பளிச்சுனு தெரியுற இடத்த சுத்தி மட்டும் ரேடியேஷன் ஏரியாவுக்கு கோடு போட்டுட்டு வேல முடிஞ்சுதுன்னு எழுந்துடறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு.

ஊசில போடுற எஃப்டிஜி குளுக்கோஸ் மாதிரியான மருந்து, அத அதிகமா இழுக்குற செல் எதுவா இருந்தாலும் பளிச்சுனுதான் தெரியும். உணவுக்குழாய் கேன்சரோ சளிச்சவ்வுக்கு அடியிலயே மேலயும் கீழயும் மெல்லிசா ஊர்ந்து போற நோய், அந்த மெல்லிசுப் பகுதி பெட்ல சிக்காது. வாய் வழியா குழாய் விட்டுப் பாக்குற எண்டோஸ்கோபில முன்பல்லுலேர்ந்து 28 செ.மீ.ல ஆரம்பிச்சு 34 வரைக்கும் இருக்குன்னு எழுதியிருக்கு, பெட்ல 4 செ.மீ. நீளம்தான் தெரியுதுன்னு வைங்க, எண்டோஸ்கோபி சொன்ன 6 செ.மீ.யையும்தான் எடுக்கணும், அதுக்கு மேலயும் கீழயும் 3, 4 செ.மீ. சேத்து. பெட்ட வெச்சு ஏரியாவ கூட்டலாம், குறைக்கக் கூடாது. இதுல நான் பிடிவாதமா இருக்கறதுக்குக் காரணம் இருக்கு, விட்டுப்போன இடத்துல நோய் திரும்ப வந்தா முதுகுத்தண்டு, நுரையீரல், இதயம் எல்லாம் ஏற்கனவே டோஸ் வாங்கியிருக்கும், மறுபடி முழு டோஸ் குடுக்குறது ரொம்ப கஷ்டம்.

கீமோ முடிச்சிட்டு ரேடியேஷனுக்கு வர்றவங்களுக்கும் இதே கதைதான், கட்டி மங்கிப் போயிருக்கும், கீமோவுக்கு முன்னாடி எடுத்த பெட்ட தேடி எடுத்து அப்போ எதுவரைக்கும் இருந்துச்சுன்னு பாக்கணும்.

நெறிக்கட்டில ரெண்டு பக்கமும் ஏமாறலாம். கட்டிக்கு ஒட்டியே இருக்குற சின்ன நெறிக்கட்டி கட்டியோட வெளிச்சத்துலயே மறைஞ்சிடும். நம்ம ஊர்ல டிபி ஜாஸ்தி, நெஞ்சுக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நெறிக்கட்டி பளிச்சுனு இருந்தா அது பழைய டிபியாக்கூட இருக்கலாம், சந்தேகமிருந்தா ஊசி போட்டு சாம்பிள் எடுத்து பாத்துடுங்க.

எஸ்யூவி (ஒரு இடம் எவ்ளோ எஃப்டிஜி இழுத்திருக்குங்கற அளவு) 2.5னு ஒரு நம்பர குடுத்து கம்ப்யூட்டரையே கோடு போட விடுறதும் வேண்டாம், மெஷின், ரத்த சுகர், ஊசி போட்டு எவ்ளோ நேரம் ஆச்சுங்கறதெல்லாம் அந்த நம்பர மாத்தும். கலர் செட்டிங்க கொஞ்சம் நகத்தினாலே கட்டி பெருசாவோ சின்னதாவோ தெரியும், அதனால டிபார்ட்மென்ட்ல எல்லாரும் ஒரே செட்டிங்ல பாக்கணும்.

சுகர் 200க்கு மேல இருந்தா பொதுவா ஸ்கேன தள்ளி வெப்பாங்க. அவசரத்துல இன்சுலின் போட்டுட்டு உடனே எஃப்டிஜி போட்டா அது தசைக்குள்ள போயிடும், கட்டி மங்கலாதான் தெரியும். பேஷன்ட் வீட்டுக்காரங்க சுகர் மாத்திரைய பத்தி முந்தியே கேட்டுக்கிட்டா நல்லது.

அப்புறம் படுக்குற விதம். சாதா பெட் வளைஞ்ச டேபிள்ல எடுப்பாங்க, ட்ரீட்மென்ட் தட்டையான டேபிள்ல நடக்கும், பெட் படத்தையும் ட்ரீட்மென்ட் பிளானுக்கு எடுத்த படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா முதுகெலும்பு பொருந்துனாலும் உணவுக்குழாய் தள்ளி நிக்கலாம். வயித்துக்கு பக்கத்துல இருக்குற கட்டி மூச்சுக்கு மூச்சு அசையும், அங்க மூச்சோட அசைவையும் சேத்து காட்டுற 4டி சிடியும் எடுத்துக்கோங்க.

ரேடியேஷன் முடிஞ்ச சூட்டோட பெட் எடுத்து பயந்துடாதீங்க, வெந்து புண்ணான உணவுக்குழாயும் எரியுற மாதிரிதான் தெரியும், சில வாரம் கழிச்சு எண்டோஸ்கோபியும் பயாப்சியும் (சதைய கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்றது) சேத்து பாத்துட்டுதான் நோய் மிச்சம் இருக்கான்னு பேசணும்.