ஆங் லீயின் ‘ஹல்க்’: மறுமதிப்பீடு செய்வது எப்படி?

இயக்குநர் ஆங் லீயின் கைவண்ணத்தில் 2003-இல் வெளிவந்த ‘ஹல்க்’ படத்தை மீண்டும் எடைபோட விரும்புபவர், பின்னாளில் வந்த மார்வெல் சூப்பர்ஹீரோ படங்களின் அளவுகோலை ஒதுக்கிவிட்டு, தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான குடும்பத் துயரமாக இதைப் பார்க்கத் தொடங்க வேண்டும். தன் உடலிலேயே சோதனை செய்துகொண்ட தந்தை அதன் விளைவைப் பிறப்பிலேயே மகனுக்குக் கடத்திவிடுகிறார். அந்த மகன் புரூஸை ஹல்க் என்னும் ராட்சத உருவாக மாற்றும் சீற்றம் காமா கதிர்களால் மட்டுமன்றி, தாயை இழந்த நாளின் புதைந்த நினைவாலும் மூள்கிறது.

அடுத்து, படத்தொகுப்பைக் கவனியுங்கள். திரையைக் கட்டங்களாகப் பிரித்து ஒரே நிகழ்வைப் பல கோணங்களில் ஒருசேரக் காட்டுவது, சித்திரக்கதைப் பக்கத்தைத் திரையில் விரிக்கும் முயற்சியாகும். அத்தகைய ஒரு காட்சியை ஒலியின்றி மறுபடி ஓட்டி, எந்தக் கட்டம் உணர்வைக் கூட்டுகிறது, எது வெறும் அலங்காரமாக நிற்கிறது என்று பிரித்தறியுங்கள். என் கணிப்பில் இரண்டுமே உண்டு. ஹல்க்கின் அசைவுகள் சிலவற்றை மோஷன் கேப்சர் (நடிப்பவரின் அசைவைப் பதிந்து கணினி உருவத்துக்கு ஏற்றும் முறை) உடையில் லீயே நடித்துக் கொடுத்தார் என்பதையும் (பலர் இதை அறிவதில்லை) கணக்கில் கொள்ளலாம்.

ஆயினும், நோக்கம் உயர்ந்தது என்பதற்காகக் குறைகளுக்குச் சலுகை தர வேண்டியதில்லை. நாய்களோடு மோதும் காட்சி இருளில் மங்கிப்போகிறது. இறுதிச் சண்டையோ அதுவரை கட்டியெழுப்பிய உணர்ச்சியைக் கணினி வரைகலையில் கரைத்துவிடுகிறது. அதற்குச் சற்று முன், இராணுவக் காவலில் தந்தையும் மகனும் நேருக்கு நேர் பேசும், மேடை நாடகத்தை ஒத்த காட்சியோடு அச்சண்டையை ஒப்பிட்டால், லீ எடுக்க விரும்பிய படம் எது என்பது விளங்கும்.